வெற்றிடத்துக்கும் கணக்கு வைத்த மனிதர்

சென்ற வசந்தகாலத்தில் நாம் குடியிருக்கும் தொடர்மாடியின் பொதுக்கூட்டத்துக்கு ஒரு பிரேரணை வந்தது. கட்டடத்தின் பின்புறத்தில் ஒரு துண்டு நிலம் இருக்கிறது. ஐந்தாறு மரங்கள், இரண்டு ஊஞ்சல்கள், மூன்று வாங்குகள். அதற்குத் தார் போட்டு, வாகனத் தரிப்பிடமாக்கி வாடகைக்கு விட்டால் எல்லோருடைய பராமரிப்புக் கட்டணமும் குறையும் என்பதே பிரேரணை. கணக்குப் பார்ப்பது நமது தொழில் என்பதால் வரவு செலவு அறிக்கை தயாரிக்கும் வேலை நம் தலையில் விழுந்தது. ஒரே மாலைப்பொழுதில் முடித்துவிட்டோம். வரவுப் பக்கத்தில் வாடகை. செலவுப் பக்கத்தில் தார், கோடுகள், விளக்குகள். கடைசி வரியில் இலாபம் என்று எழுதிக் கையொப்பமும் வைத்தோம்.

அறிக்கையைக் கொடுத்துவிட்டு வரும்போது அந்த வாங்குகளில் வழக்கம்போல நம்மவர்களின் அம்மாமார் நான்கு பேர் இருந்தார்கள். ஊரில் வளவையும் கிணற்றடியையும் விட்டுவிட்டு வந்து, பதினோராம் மாடியில் இரண்டு அறைகளுக்குள் பகல் முழுவதையும் கழிப்பவர்கள். பின்னேரத்தில் கிடைக்கும் அந்த ஒரு மணி நேரம்தான் அவர்களுக்கு வெளி உலகம். நமது அறிக்கையில் அவர்களுக்கென்று ஒரு வரியும் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கூட்டலில் பிழை இல்லை. ஆனால் கணக்கு முழுமையானதும் இல்லை.

அந்த உறுத்தலோடு இருந்த நாட்களில் இல்டெஃபொன்ஸ் செர்தா என்ற பொறியியலாளரின் வாழ்க்கையைத் தேடிப் படித்தோம். பார்சிலோனா நகரின் வரைபடத்தை மேலிருந்து பார்த்தவர்கள், ஒரே அளவான சதுரங்கள் மூலை வெட்டப்பட்டு வரிசை வரிசையாகக் கிடப்பதைக் கண்டிருப்பார்கள். அதை வரைந்தவர் இவர். ஐரோப்பாவில் மிக நெருக்கமாக மக்கள் வாழும் இடங்களில் ஒன்று அது. அங்கே வாழ விரும்பி இன்றும் மக்கள் போட்டி போடுகிறார்கள். நெருக்கமாக வாழ்வது வேறு, நெருக்கடிப்பட்டு வாழ்வது வேறு என்பதைக் கணக்குப் போட்டுக் காட்டியவர் செர்தா. அந்தக் கணக்குக்காகத் தன் குடும்பச் சொத்து முழுவதையும் இழந்தவரும் அவர்தான்.

1815 டிசம்பரில் கத்தலோனியாவின் சென்தெல்லஸ் என்ற ஊரில், பரம்பரையாக நிலபுலம் வைத்திருந்த ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். விக் என்ற ஊரின் குருமடத்தில் இலத்தீனும் தத்துவமும் படித்தார். பின்னர் பார்சிலோனாவில் கணிதமும் கட்டடக்கலையும் பயின்று, அங்கிருந்து மட்ரிட் போய் 1841 இல் வீதி, கால்வாய், துறைமுகப் பொறியியலாளராக வெளியே வந்தார். அரச சேவையில் சேர்ந்து பல மாகாணங்களில் வேலை பார்த்தார். நிரந்தர உத்தியோகம், ஓய்வூதியம், மரியாதை. நம்மூரில் பெண் கொடுக்கிறவர்கள் தேடுகிற எல்லாமே அவரிடம் இருந்தது.

1844 இல் பிரான்சின் நீம் நகரில் அவர் முதன்முதலாக நீராவிப் புகையிரதத்தைக் கண்டார். பார்த்தவர்களில் பலர் இயந்திரத்தை வியந்தார்கள். அவர் வியந்தது பயணிகளை. ஒரு முழு ஊரே பெட்டி படுக்கையோடு கிளம்பி வந்ததுபோல மக்கள் ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்தார். இனி மனிதர்கள் இப்படித்தான் இடம்பெயர்வார்கள், வந்து சேரும் நகரங்கள் இவர்களை எங்கே வைத்துக்கொள்ளப் போகின்றன என்ற கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. 1848 இல் பார்சிலோனாவிலிருந்து மத்தரோ வரை முதலாவது புகையிரதப் பாதை திறக்கப்பட்டது. அதே ஆண்டு சகோதரர்களை இழந்த நிலையில் குடும்பச் சொத்து அவர் கைக்கு வந்தது. அடுத்த ஆண்டு அரச உத்தியோகத்தை விட்டார். இனித் தன் காலமும் பணமும் நகரங்களைப் பற்றிய ஆய்வுக்கே என்று முடிவு செய்தார்.

அன்றைய பார்சிலோனாவின் நிலைமையை நம்மவர்களுக்கு விளக்குவது கடினமல்ல. 1714 இல் நீண்ட முற்றுகைக்குப் பின் அந்த நகரம் வீழ்ந்தது. வென்ற மன்னர் நகரின் ஒரு பகுதியை இடித்து, அங்கிருந்த குடும்பங்களை வெளியேற்றி, நகர மக்களைக் கண்காணிக்க ஒரு பெரும் கோட்டையைக் கட்டினார். நகரைச் சுற்றி மதில். மதிலுக்கு வெளியே பீரங்கிக் குண்டு எட்டும் தூரம்வரை எவரும் வீடு கட்டக்கூடாது. உயர் பாதுகாப்பு வலயம் என்ற சொல்லை அறிந்த நமக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. வெளியே சமவெளி வெறுமனே கிடக்க, உள்ளே தொழிற்சாலைகள் பெருகின. வேலை தேடி வந்தவர்கள் வீட்டின்மேல் வீடு கட்டினார்கள். ஒழுங்கைகளின் குறுக்கே வளைவு எழுப்பி அதன்மேலும் அறை கட்டினார்கள்.

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அந்த மதிலுக்குள் ஏறத்தாழ 187,000 பேர் இருந்தார்கள். ஒரு ஹெக்டேயரில் சுமார் 856 பேர். அன்றைய பாரிஸ் இதில் பாதிகூட இல்லை. வசதியானவர்களின் சராசரி ஆயுள் 36 வயது, கூலித் தொழிலாளியின் ஆயுள் 23 வயது என்று கணக்கிடப்பட்டது. 1841 இலேயே மதிலை இடிக்க வேண்டும் என்று எழுதிய மொன்லாவ் என்ற மருத்துவருக்கு மாநகரசபை பரிசு கொடுத்தது. இராணுவம் அசையவில்லை. 1854 இல் தான் அனுமதி வந்தது. அதே ஆண்டு கொலரா வந்து ஆயிரக்கணக்கானோரைக் கொண்டுபோனது.

1855 இல் மதிலுக்கு வெளியே இருந்த சமவெளியை அளந்து படமாக்கும் பொறுப்பு செர்தாவுக்குக் கிடைத்தது. நிலத்தை அளந்ததோடு அவர் நிற்கவில்லை. தொழிலாளிகளின் வீடுகளையும் அளந்தார். 1856 ஆம் ஆண்டைக் கணக்காண்டாக வைத்து, பார்சிலோனாவின் உழைக்கும் மக்கள் பற்றிய ஒரு புள்ளிவிபர நூலைத் தயாரித்தார். எந்தத் தொழிலில் எத்தனை பேர், வருடத்தில் எத்தனை நாள் வேலை, கூலி எவ்வளவு, பாண், வாடகை, உடுப்பு, விளக்குக்கு எவ்வளவு போகிறது என்று தொழில் தொழிலாக, குடும்பம் குடும்பமாக எழுதினார். மணமாகிப் பிள்ளைகளோடு இருக்கும் சாதாரணத் தொழிலாளியின் கூலி அவன் குடும்பத்தின் அடிப்படைத் தேவைக்குப் போதாது என்பது அந்தக் கணக்கில் தெளிவாக விழுந்தது. கணக்காளர்களான நமக்கு இந்த இடத்தில் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. ஏழைகளுக்காகக் கவிஞர்கள் கண்ணீர் விட்டிருக்கிறார்கள், அரசியல்வாதிகள் மேடையில் முழங்கியிருக்கிறார்கள். ஒரு நகரத்தைக் கட்டுவதற்கு முன் அதில் குடியேறப் போகும் ஏழையின் வரவு செலவை உட்கார்ந்து எழுதியவர்கள் மிகக் குறைவு.

அந்தக் கணக்கிலிருந்துதான் அவருடைய 1859 ஆம் ஆண்டுத் திட்டம் பிறந்தது. எஷாம்பிளா என்று கத்தலான் மொழியில் சொல்வார்கள், விரிவு என்று பொருள். ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 113 மீற்றர் கொண்ட சதுரக் கட்டங்கள். குறைந்தது 20 மீற்றர் அகலமான வீதிகள். அந்த 20 மீற்றரில் பாதி வாகனங்களுக்கு, மற்றப் பாதி இரண்டு பக்கமும் நடப்பவர்களுக்கு. 8 மீற்றருக்கு ஒரு மரம். நான்கு மூலைகளும் வெட்டப்பட்டதால் ஒவ்வொரு சந்தியும் ஒரு சிறிய சதுக்கமாக விரியும், திரும்பும் வாகனம் எதிரே வருவதைக் காணும். நீராவி வாகனங்கள் ஒருநாள் தெருவுக்குள்ளும் வரும் என்று நம்பியவர் அவர். வீதிகளை வடக்குத் தெற்காகப் போடாமல் சாய்வாகப் போட்டார், எந்த வீட்டின் முகமும் நாள் முழுக்க நிழலிலேயே கிடக்கக்கூடாது என்பதற்காக.

கட்டடங்கள் 16 மீற்றருக்கு மேல் உயரக்கூடாது. சதுரத்தின் எல்லாப் பக்கத்தையும் அடைக்கவும் கூடாது. பெரும்பாலும் இரண்டு பக்கங்களில் மட்டும் வீடுகள், நடுவில் தோட்டம். ஒவ்வொரு சதுரத்திலும் பாதிக்கு மேற்பட்ட நிலம் மண்ணாகவும் மரமாகவும் வானமாகவும் இருக்க வேண்டும். பாடசாலை, சந்தை, தேவாலயம், வைத்தியசாலை, பூங்கா எல்லாம் ஒரே இடத்தில் குவியாமல் பகுதிதோறும் பகிரப்பட்டிருந்தன. பணக்காரருக்கு ஒரு வகைச் சதுரம், தொழிலாளிக்கு ஒரு வகைச் சதுரம் என்ற பேச்சே இல்லை. எல்லோருக்கும் ஒரே அளவு.

இதற்கான பணம் எங்கிருந்து வரும் என்பதையும் அவர் எழுதியிருந்தார். புதிய வீதி ஒருவருடைய காணியை இரண்டாக வெட்டிக்கொண்டு போகும், அவருக்கு நட்டம். பக்கத்துக் காணி வீதிமுகமாகி விலை ஏறும், அவருக்கு இலாபம். செர்தா சொன்ன வழி இதுதான். காணிகளை ஒன்றாகச் சேர்த்துக் கணக்கிட்டு, வீதிக்கான பங்கை எல்லோரிடமும் அளவாக எடுத்து, மிகுதியை அவரவர் பங்குக்கு ஏற்றபடி நல்ல வடிவான துண்டுகளாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். சுமையும் பலனும் ஒரே விகிதத்தில் பிரியும். ஒழுங்கைக்கு அரை அடி விட மனமில்லாமல் இரண்டு தலைமுறையாக நீதிமன்றம் ஏறி இறங்கிய குடும்பங்களை அறிந்த நமக்கு, இது எவ்வளவு நியாயமான வழி என்பதும் எவ்வளவு எதிர்ப்பைக் கிளப்பும் என்பதும் உடனே விளங்கும்.

எதிர்ப்பு வந்தது. ஆனால் அதற்கு இன்னொரு முகமும் இருந்தது. செர்தாவின் திட்டத்தை 1859 ஜூனில் அங்கீகரித்தது மட்ரிட்டில் இருந்த மத்திய அரசு. பார்சிலோனா மாநகரசபை அதே ஆண்டு தன் சொந்தப் போட்டியை நடத்தி, ரொவிரா இ திரியாஸ் என்ற கட்டடக்கலைஞரின் திட்டத்தைத் தெரிவு செய்திருந்தது. பழைய நகரத்தை மையமாக வைத்து விசிறிபோல விரியும் அழகான திட்டம் அது. 1860 இல் மத்திய அரசு மாநகரசபையின் தெரிவை ஒதுக்கிவிட்டு செர்தாவின் திட்டத்தையே நடைமுறைப்படுத்த ஆணையிட்டது. அந்த ஆண்டு செப்டெம்பரில் அரசி இரண்டாம் இசபெல் வந்து முதற்கல் நாட்டினார்.

இந்த இடத்தைப் படிக்கும்போது நமக்கும் உள்ளுக்குள் ஒரு நெருடல் ஏற்பட்டது உண்மை. ஒரு மக்கள் கூட்டம் தன் நகரம் எப்படி அமைய வேண்டும் என்று சொன்னதை, அவர்களை ஒருகாலத்தில் முற்றுகையிட்டு அடக்கிய தலைநகரம் தள்ளிவைத்தால் அது நமக்கு இனிக்காது. பார்சிலோனா மக்களின் கோபத்தில் நியாயம் இருந்தது. ஆனால் அந்தக் கோபம் போய்ச் சேர்ந்தது ஒரு கத்தலோனிய விவசாயியின் மகனிடம். சொந்த மண்ணிலேயே அவர் மட்ரிட்டின் ஆளாகப் பார்க்கப்பட்டார். கட்டடக்கலைஞர்கள் அவரை ரசனை இல்லாத கணக்குப்பிள்ளை என்று ஏளனம் செய்தார்கள். காணிச் சொந்தக்காரர்கள் அந்தக் கோபத்தைத் தங்களுக்குக் கேடயமாகப் பயன்படுத்தினார்கள். நம்மவர் நம்மவர் என்ற உணர்ச்சியின் பின்னால் நின்று எவர் எதை விற்கிறார் என்று பார்க்கத் தவறினால் என்ன நடக்கும் என்பதற்கு இது ஓர் உதாரணம்.

செர்தா ஓடவில்லை. 1860களில் மாநகரசபை உறுப்பினராகி, தன்னை எதிர்த்தவர்களோடு ஒரே மேசையில் இருந்து வேலை செய்தார். 1867 இல் நகரமாக்கம் பற்றிய பொதுக் கோட்பாட்டை இரண்டு பாகங்களாக மட்ரிட்டில் வெளியிட்டார். இன்று உலகம் முழுவதும் நகரமாக்கம் என்ற பொருளில் வழங்கும் சொல், நகரத்தைக் குறிக்கும் ஓர் இலத்தீன் வேரிலிருந்து அவர் உருவாக்கியதுதான். தொழிலாளிகளின் வீட்டுக் கணக்குகளையும் அந்த நூலோடு சேர்த்தே அச்சிட்டார். 1873 இல் ஸ்பெயின் குடியரசானபோது பார்சிலோனா மாகாணசபையின் பொறுப்பில் இருந்தார். அடுத்த ஆண்டே குடியரசு வீழ்ந்தது. அவருடைய பொதுவாழ்வும் அதோடு முடிந்தது.

அதற்குள் வீட்டிலும் எதுவும் மிஞ்சவில்லை. திருமண வாழ்வு முறிந்திருந்தது. பரம்பரைச் சொத்து ஆய்விலும் அச்சிலும் கரைந்துபோனது. அரசும் மாநகரசபையும் அவருக்குக் கொடுக்க வேண்டிய பணம் வந்து சேரவில்லை. 1876 ஓகஸ்டில், உடல்நலம் தேடிப் போன கந்தாப்ரியாவின் ஒரு வெந்நீரூற்று ஊரில், கடனாளியாக, 60 வயதில் இறந்தார். எத்தனையோ குடும்பங்களின் வரவு செலவை எழுதிவைத்தவரின் சொந்த ஐந்தொகை அப்படி முடிந்தது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்துத்தான் அவருடைய எச்சங்கள் பார்சிலோனாவின் மொன்ஜுயிக் மயானத்துக்குக் கொண்டுவரப்பட்டன.

அவர் கண் மூடுவதற்கு முன்பே திட்டத்தின் ஒரு பகுதியை நகரம் உண்ணத் தொடங்கிவிட்டது. இரண்டு பக்கம் கட்ட வேண்டிய சதுரங்களில் நான்கு பக்கமும் கட்டினார்கள். மேலே மாடி ஏற்றினார்கள். பின்னர் இன்னும் ஏற்றினார்கள். நடுவில் தோட்டமாக இருக்க வேண்டிய இடத்தில் பட்டறை, களஞ்சியம், வாகனக் கொட்டகை வந்தன. ஒவ்வொரு முறையும் சட்டம் கொஞ்சம் தளர்ந்தது. நூறு ஆண்டுகளில் ஒரு சதுரத்தின் கட்டடக் கொள்ளளவு அவர் எழுதியதைவிட நான்கு மடங்குக்கு மேல் போய்விட்டது. இதில் ஒருவரும் கொள்ளைக்காரர் அல்லர். ஒவ்வொருவரும் தங்கள் துண்டுக்கு வரவு செலவு அறிக்கை எழுதினார்கள், இலாபம் வந்தது, கட்டினார்கள். நாம் எழுதியதும் அப்படியொரு அறிக்கைதான்.

ஆனாலும் அந்த நகரம் மூச்சுத்திணறிச் சாகவில்லை. இன்று எஷாம்பிளாவில் ஏறத்தாழ ஏழரைச் சதுர கிலோமீற்றரில் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்கிறார்கள். ஹெக்டேயருக்கு சுமார் 350 பேர். மதிலுக்குள் இருந்த பழைய நெருக்கடியில் பாதிக்கும் குறைவு, ஆனாலும் ஐரோப்பிய அளவில் மிக அதிகம். இவ்வளவு பேர் இருப்பதால்தான் கீழ்த்தளங்களில் கடைகள் நிலைக்கின்றன, மருந்துக்கடையும் சந்தையும் நடை தூரத்தில் இருக்கின்றன. செர்தா எதிர்பார்த்ததைவிடக் கூடிய நெருக்கம் சில நன்மைகளையும் கொண்டுவந்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அந்தச் சுமையைத் தாங்கியது எது என்று பார்த்தால், அவருடைய வீதிகள். குதிரை வண்டிக் காலத்தில் 20 மீற்றர் எதற்கு என்று சிரித்தார்கள். அந்த அகலம்தான் நான்கு மடங்கு கட்டடம் வந்த பிறகும் வெளிச்சத்தையும் காற்றையும் மர நிழலையும் உள்ளே விட்டது. எந்த நல்ல நிறுவனமும் வருகிற வருமானம் முழுவதையும் பங்கு பிரித்துவிடாது, ஒரு தொகையை ஒதுக்கு நிதியில் வைக்கும். செர்தா நகரத்துக்கு வைத்த ஒதுக்கு நிதி வெற்றிடம். அந்த நிதியை அவர் இரண்டு இடத்தில் போட்டிருந்தார். வீதியில் போட்டது பொதுச் சொத்தாகப் பதியப்பட்டது, தப்பியது. சதுரத்தின் நடுவில் போட்டது தனியார் உறுதிகளுக்குள் இருந்தது, போய்விட்டது. அவருடைய வாழ்க்கையிலிருந்து நாம் எடுத்துக்கொண்ட பாடம் இதுதான். நெருக்கமான வாழ்வைத் தாங்கக்கூடியதாக்குவது பொதுவான வெற்று நிலம். அதை மனிதரின் நல்ல மனதை நம்பி விடக்கூடாது, எழுத்தில் பூட்டி வைக்க வேண்டும்.

இழந்ததை மீட்பது எவ்வளவு செலவு என்பதையும் பார்சிலோனா காட்டுகிறது. 1980களிலிருந்து மாநகரசபை சதுரங்களின் உட்புறத்தை ஒவ்வொன்றாக மீட்டு, பழைய கொட்டகைகளை அகற்றிச் சிறு தோட்டங்களாக்கி வருகிறது. 2023 இல் கொன்செல் டெ சென்ட் என்ற நீண்ட வீதியில் வாகனங்களைக் குறைத்து, மரமும் வாங்குகளும் வைத்து, நடப்பவர்களுக்குக் கொடுத்தது. இலவசமாகக் கிடைத்திருக்க வேண்டியதை இன்று விலை கொடுத்து வாங்குகிறார்கள்.

போட்டியில் வென்று திட்டம் நிறைவேறாமல் போன ரொவிராவுக்கு, அவர் பெயரிலான ஒரு சிறிய சதுக்கத்தில் வெண்கலச் சிலை இருக்கிறது. வாங்கில் சாவகாசமாக உட்கார்ந்திருக்கிறார், காலடியில் அவருடைய திட்டத்தின் வரைபடம். செர்தாவின் பெயரைத் தாங்கும் சதுக்கமோ எஷாம்பிளாவுக்கு வெளியே, நகரின் ஓரத்தில், வாகனங்கள் இரையும் ஒரு பெரும் சந்தி. அதை நினைத்து முதலில் மனம் வருந்தியது. பிறகு, அவர் நட்டுவைக்கச் சொன்ன வரிசையில் நிற்கும் மரங்களின் கீழே எத்தனை இலட்சம் பேர் தினமும் நடந்து போகிறார்கள் என்று எண்ணிக்கொண்டோம்.

நமது தொடர்மாடியின் பிரேரணை இன்னும் தீரவில்லை. வசந்தகாலக் கூட்டத்தில் போதிய உறுப்பினர் வராததால் வாக்கெடுப்பு இலையுதிர்காலத்துக்குத் தள்ளிப்போனது. அதற்கிடையில் அறிக்கையைத் திருப்பி வாங்கி, இன்னொரு பக்கம் சேர்த்திருக்கிறோம். பின்னேரங்களில் அந்த நிலத்தை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று இரண்டு கிழமை இருந்து எண்ணினோம். வெயில் நாளில் எத்தனை பேர், குளிர் நாளில் எத்தனை பேர், அவர்களில் அறுபது கடந்தவர்கள் எத்தனை, பத்து வயதுக்குக் கீழே எத்தனை என்று நிரல் நிரலாகப் போட்டிருக்கிறோம். மரம் வெட்டினால் அது மீண்டும் அந்த உயரத்துக்கு வர எத்தனை ஆண்டு ஆகும் என்பதையும் எழுதியிருக்கிறோம். வாடகை வருமானத்தை மறைக்கவில்லை, அதுவும் அதே இடத்தில் இருக்கிறது. கட்டணம் குறைந்தால் மூச்சு விடக்கூடிய குடும்பங்களும் நம்மிடையே உண்டு, அவர்களுடைய பக்கத்தையும் எழுதாமல் விட்டால் அது மறுபடியும் அரைக் கணக்குத்தான்.

அயலவர்கள் எப்படி வாக்களிப்பார்கள் என்று சொல்ல முடியாது. இந்த முறை கையொப்பம் வைக்கும்போது கை கூசாது.